கொத்துத் தலைவலி: அடுத்த வலிக்காலம் வருவதற்குள் செய்ய வேண்டியவை

"உங்களுக்கு இருப்பது கிளஸ்டர் தலைவலி" என்று மருத்துவர் சொல்லி அனுப்பியவர்களுக்கும், ஒருவேளை இதுதானோ என்று ஐயப்படுகிறவர்களுக்கும், அவர்களோடு ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். தமிழில் இதைக் கொத்துத் தலைவலி என்கிறார்கள். ஏறத்தாழ ஆயிரம் பேரில் ஒருவருக்கு வருகிற நோய். பல ஆண்டுகளாக இதனோடு இருப்பவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நள்ளிரவில் வலி தொடங்கிய பிறகு யோசித்துச் செய்யக்கூடியது எதுவும் இல்லை. வலி இல்லாத பகலில் செய்துவைத்த ஏற்பாடுதான் இரவில் கைகொடுக்கும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஏற்பாட்டைப் பற்றியவை. மருந்தின் அளவுகளை எழுதியிருப்பது மருத்துவரிடம் விவரம் தெரிந்து பேசுவதற்காக மட்டுமே. கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

முதல் படி: இது அதுதானா?

வலி ஒரு பக்கம் மட்டும் இருக்கும். கண்ணைச் சுற்றி, கண்ணுக்குப் பின்னால், புருவத்துக்கு மேல் அல்லது நெற்றிப்பொட்டில் குத்தும். மருந்து எடுக்காவிட்டால் 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நீடிக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை வரலாம். ஒரே நாளில் எட்டு முறையும் வரலாம். வலிக்கும் பக்கத்துக் கண் சிவந்து நீர் கொட்டும், மூக்கு அடைக்கும் அல்லது ஒழுகும், இமை வீங்கும் அல்லது தொங்கும், நெற்றி வியர்க்கும்.

மைக்ரேனிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது உடல் நடந்துகொள்ளும் விதம். மைக்ரேன் வந்தவர் விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் படுத்துக்கொள்வார். கொத்துத் தலைவலி வந்தவரால் படுக்க முடியாது. எழுந்து நடப்பார், முன்னும் பின்னும் ஆடுவார், கண்ணைக் கையால் அழுத்துவார், சுவரில் தலையை முட்டிக்கொள்வார். மருத்துவரிடம் இதைத் தவறாமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டு இதை மறைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

நேரமும் ஒரு பெரிய துப்பு. தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில், பெரும்பாலும் தினமும் அதே வேளையில் எழுப்பிவிடும். பலருக்கு ஆண்டில் அதே மாதங்களில் தொடங்கும். சில வாரங்கள், பெரும்பாலும் ஒன்றரை மாதம் முதல் மூன்று மாதம் வரை படுத்திவிட்டு, ஒருநாள் சொல்லாமல் போய்விடும். அந்த வாரங்களைத்தான் வலிக்காலம் என்கிறேன். உடலின் கடிகாரத்தை நடத்தும் ஹைப்போதலாமஸ் பகுதி, தாக்கு வரும் நேரத்தில் தூண்டப்படுகிறது என்பதை லண்டனில் எடுத்த மூளைப் படங்கள் 1998இல் காட்டின. ஆகவே "மனசுதான் காரணம்", "கோபத்தைக் குறை" என்று யாராவது சொன்னால், அதைக் கேட்டு உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

நம் ஊரில் இதற்கு முதலில் கிடைக்கிற பெயர் சைனஸ். "தலையில் நீர் கோத்திருக்கிறது" என்று நொச்சி ஆவி பிடிக்கச் சொல்வார்கள், சுக்கு அரைத்துப் பற்றுப் போடுவார்கள். வலி மேல்தாடைக்கு இறங்கினால் நல்ல பல்லையே பிடுங்கிவிடுவதும் உண்டு. முக்கால் மணி நேரத்தில் வலி தானாக இறங்கும்போது, எதைக் கடைசியாகச் செய்தோமோ அது கேட்டது என்று தோன்றிவிடும். இப்படியே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

ஆனால் சில அறிகுறிகள் தெரிந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாழ்நாளில் இல்லாத வலி நொடியில் உச்சத்துக்குப் போவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, கைகால் இழுப்பது அல்லது பேச்சுக் குழறுவது, பார்வை மங்குவது, விளக்கைச் சுற்றி வட்டம் தெரிவது ஆகியவை அவை. கண் சிவந்து வலித்துப் பார்வையும் மங்கினால் அது கண் அழுத்த நோயாக இருக்கலாம்; சில மணி நேரத்தில் பார்வையையே பறித்துவிடும். ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாக இப்படித் தலைவலி வந்தாலும் தாமதிக்கக் கூடாது.

இரண்டாம் படி: நரம்பியல் மருத்துவரிடம் கையோடு எடுத்துப்போக வேண்டியவை

பார்க்க வேண்டியவர் நரம்பியல் மருத்துவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நரம்பியல் புறநோயாளிப் பிரிவு உண்டு; அங்கே உங்களுக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். அதற்குள் நோய் புரிய வேண்டுமானால் இரண்டு பொருள்கள் வேண்டும்.

ஒன்று, குறிப்பேடு. தேதி, வலி தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்தப் பக்கம், கண்ணிலும் மூக்கிலும் என்ன ஆனது, என்ன மருந்து எடுத்தீர்கள், எத்தனை நிமிடத்தில் குறைந்தது. இவ்வளவு போதும். வலியைப் பற்றி உருக்கமாக எழுத வேண்டாம், நேரங்களை எழுதுங்கள். நேரங்கள் வரிசையாகத் தெரிந்த உடனே பாதி மருத்துவர்களுக்கு நோய் பிடிபட்டுவிடும்.

இன்னொன்று, கைப்பேசிக் காணொளி. தாக்கு நடக்கும்போது முகத்தை வீட்டில் யாராவது ஒரு நிமிடம் படம்பிடிக்கட்டும். பகலில் மருத்துவர் முன்னால் நீங்கள் நல்ல மனிதராகத்தான் உட்கார்ந்திருப்பீர்கள். தொங்கிய இமையும் சிவந்த கண்ணும் ஓயாத நடையும் அந்தப் படத்தில்தான் இருக்கும்.

முதல் முறை பெரும்பாலும் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள். பிட்யூட்டரிச் சுரப்பிக் கட்டி போன்றவை இதே மாதிரி வலியைத் தரக்கூடும் என்பதால், அவை இல்லை என்று உறுதிசெய்யத்தான் அது. படம் சுத்தமாக இருந்தால் நோய் இல்லை என்று பொருள் கொள்ளாதீர்கள். தாக்குகள் ஒவ்வொன்றும் அரை மணிக்கும் குறைவாக, ஒரு நாளில் ஐந்துக்கு மேல் வந்தால், இண்டோமெத்தசின் மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பார்கள். அதற்கு முழுமையாகக் கட்டுப்படும் வேறொரு தலைவலி இருக்கிறது. அதுவாக இருந்தால் வழி மிக எளிது.

மூன்றாம் படி: மூன்று வேலைகளையும் பிரித்துப் புரிந்துகொள்வது

இந்த நோய்க்கு மருந்துகள் செய்யும் வேலை மூன்று. வந்த தாக்கை நிறுத்துவது ஒன்று. வலிக்காலம் முழுவதும் தாக்குகள் வராமல் தடுப்பது இன்னொன்று. தடுப்பு மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரையுள்ள இரண்டு மூன்று வாரங்களுக்குப் பாலம் போடுவது மூன்றாவது. ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் எதிர்பார்ப்பதால் எத்தனையோ பேர் நல்ல மருந்தைப் பாதியில் விட்டிருக்கிறார்கள். தடுப்பு மாத்திரையைப் போட்ட அன்று இரவே வலி வந்தது என்று மறுநாள் அதை நிறுத்துவார்கள். பால மருந்து ஒரு வாரத்தில் வலியை அடக்கியதும் நோயே போய்விட்டது என்று எல்லாவற்றையும் நிறுத்துவார்கள். மருத்துவர் எழுதித் தரும் ஒவ்வொரு மருந்துக்கும், "இது மூன்றில் எந்த வேலைக்கு?" என்று கேளுங்கள்.

சாதாரண வலி மாத்திரைகளுக்கு இந்த மூன்றிலும் இடமில்லை. பாரசிட்டமால் வயிற்றில் கரைந்து வேலை செய்வதற்குள் தாக்கு உச்சத்தைத் தாண்டிவிடும். போதைத்தன்மை உள்ள வலி மருந்துகளும் வேண்டாம். அவை இந்த வலியை நிறுத்துவதில்லை, அடிமையாக்கும் ஆபத்து மட்டும் மிஞ்சும்.

நான்காம் படி: ஆக்சிஜனை வீட்டுக்குக் கொண்டுவருவது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். முகத்தோடு ஒட்டிய மாஸ்க்கில் நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம் 15 நிமிடம் தூய ஆக்சிஜனை இழுத்தபோது 78 விழுக்காட்டுத் தாக்குகள் அடங்கின, வெறும் காற்றை இழுத்தபோது 20 விழுக்காடுதான் என்று 2009இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு காட்டியது. ஒரு நாளில் எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். இதயநோய் இருப்பதால் ஐந்தாம் படியில் வரும் ஊசியைப் போட முடியாதவர்களுக்கும் இது பொருந்தும். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

எழுதித் தரச் சொல்லி நீங்களே கேளுங்கள். "மூச்சுத் திணறல் இல்லையே, ஆக்சிஜன் எதற்கு?" என்று சிலர் வியப்பார்கள். சீட்டில் ஓட்டத்தின் அளவு, நேரம், மாஸ்க் வகை மூன்றும் தெளிவாக இருக்கட்டும்.

மாஸ்க் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். மூக்கில் மாட்டும் இரட்டைக் குழாய் பயன்படாது. அடியில் பை தொங்கும் மாஸ்க் வேண்டும். மருத்துவமனைகளில் என்ஆர்பிஎம் என்று கேட்டால் தருவார்கள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் 5 லிட்டர் கான்சென்ட்ரேட்டர், கோவிட் காலத்தில் வாங்கியது, வீட்டில் இருக்கிறதே என்பார்கள். அதன் ஓட்டம் இந்த நோய்க்குப் பற்றாது. சிலிண்டர்தான் வேண்டும், ஓட்டமானி 15 லிட்டர் வரை காட்ட வேண்டும்.

கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தாக்குக்கு 12 லிட்டர் வீதம் 15 நிமிடம், அதாவது 180 லிட்டர். வாடகைக்குக் கிடைக்கும் பி வகைச் சிலிண்டரில் ஏறத்தாழ 1500 லிட்டர் இருக்கும். எட்டுத் தாக்குகளுக்கு வரும். இரவில் இரண்டு முறை வலி வருபவருக்கு நான்கே நாள். ஆள் உயரத்து டி வகை, அதாவது ஜம்போ சிலிண்டரில் ஏறத்தாழ 7000 லிட்டர். முப்பத்தெட்டுத் தாக்குகள் வரை தாங்கும். வலிக்காலத்தில் படுக்கை அருகே ஒரு ஜம்போவும், வெளியே எடுத்துப்போக ஒரு சிறியதும் இருப்பது நல்ல ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமையும் நிரப்பித் தருவார்களா என்று கடைக்காரரிடம் முன்பே கேட்டுவையுங்கள்.

பயன்படுத்தும் முறை இது. வலியின் முதல் அறிகுறியிலேயே எழுந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று காத்திருந்தால் பலன் குறையும். வால்வைத் திறந்து 12க்கு வையுங்கள், போதாவிட்டால் 15. பை உப்பிய பிறகு மாஸ்க்கை முகத்தோடு அழுத்திப் பிடித்து, சற்று முன்னால் குனிந்து, சீராக ஆழ்ந்து மூச்சிழுங்கள். ஒவ்வொரு மூச்சிலும் பை முழுக்கச் சுருங்கிவிட்டால் ஓட்டம் போதவில்லை. வலி போன பிறகும் சில நிமிடம் தொடருங்கள். உடனே எடுத்துவிட்டால் திரும்பி வருவதுண்டு. வால்வு திறக்கும் சாவியைச் சிலிண்டரிலேயே கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். நடுநிசியில் ஒரு கண் மூடிய நிலையில் அதைத் தேடுவது கொடுமை.

ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் சிறு பொறியையும் பெருந்தீயாக்கிவிடும். சிலிண்டர் இருக்கும் அறையில் பீடி, சிகரெட், குத்துவிளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவத்திச் சுருள், சூடம் எதுவும் கூடாது. வால்விலும் ரெகுலேட்டரிலும் எண்ணெயோ தைலமோ பட்ட கை வைக்கக் கூடாது. நெற்றியில் தைலம் தேய்த்த கையோடு வால்வைத் திருகுவது நம் வீடுகளில் எளிதில் நடந்துவிடும் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். நிற்கும் சிலிண்டரைச் சுவரோடு சங்கிலியால் கட்டுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

ஐந்தாம் படி: ஊசி

சுமாட்ரிப்டான் 6 மில்லிகிராம் ஊசி, தோலுக்கடியில் நாமே போட்டுக்கொள்வது. நான்கில் மூன்று தாக்குகளில் 15 நிமிடத்துக்குள் நல்ல பலன் தந்ததை 1991இலேயே நிறுவினார்கள். இதே மருந்து மாத்திரையாகவும் கிடைக்கும், ஆனால் இந்த நோய்க்கு அது மிக மெதுவு. மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே நடுத்தரம். அடைத்த மூக்கில் அடித்தால் உள்ளே போகாது, வலி இல்லாத பக்கத்தில் அடிக்க வேண்டும்.

24 மணி நேரத்தில் இரண்டு ஊசிக்கு மேல் கூடாது. இரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்து என்பதால் மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களும் கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்களும் போடவே கூடாது. புகைபிடிப்பவர், சர்க்கரை நோயாளி, நாற்பதைத் தாண்டியவர் என்றால் முதலில் இதயத்தைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். மைக்ரேனுக்கு என்று பலகாலமாக விற்கும் எர்கோட்டமைன் கலந்த மாத்திரையைப் போட்டிருந்தால் 24 மணி நேரத்துக்கு இந்த ஊசியைத் தொடக் கூடாது. எல்லா மருந்துக்கடையிலும் இது இருப்பில் இருக்காது. ஊரில் எந்தக் கடை வரவழைத்துத் தரும் என்று முன்பே விசாரித்துவையுங்கள்.

ஆறாம் படி: தடுப்பும் பாலமும்

தடுப்பில் முதல் மருந்து வெரபமில். இது இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் மாத்திரை. "உனக்குப் பிபியே இல்லையே, இதை ஏன் சாப்பிடுகிறாய்?" என்று உறவினர் கேட்பார்கள், மருந்துக்கடைக்காரரும் கேட்பார். இந்த நோய்க்கு அது வேறு வழியில் உதவுகிறது, அளவும் பெரியது. நாளொன்றுக்கு 240 மில்லிகிராமில் தொடங்கி, தேவைப்பட்டால் 480, அதற்கும் மேல் கூட ஏற்றுவார்கள். அளவு குறைவாக இருந்ததால் மட்டுமே கேட்காமல் போன கதைகள் நிறைய. ஆனால் இதயத்தின் மின்னோட்டத்தை இது மந்தமாக்கக்கூடியது. தொடங்கும் முன் ஓர் இசிஜி, ஒவ்வொரு முறை அளவை ஏற்றிய பிறகும் ஓர் இசிஜி. எழுதித் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். முன்பு மைக்ரேன் என்று நினைத்துக் கொடுத்த ப்ராப்ரனலால் இன்னும் உங்கள் டப்பாவில் இருக்கிறதா? இரண்டையும் சேர்த்துப் போட்டால் இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம்; மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மலச்சிக்கல் பெரும்பாலும் வரும். கால் வீக்கமும் ஈறு வீக்கமும் சிலருக்கு.

வெரபமில் ஒத்துவராதவர்களுக்கு லித்தியம், டோபிராமேட் போன்றவை உண்டு. லித்தியம் எடுத்தால் இரத்தத்தில் அதன் அளவையும் சிறுநீரகத்தையும் தைராய்டையும் சோதித்தபடி இருக்க வேண்டும். இடையில் மூட்டுவலிக்கு என்று இபுபுரோபன், டைக்ளோபெனாக் போட்டுவிட்டால் லித்தியத்தின் அளவு இரத்தத்தில் ஏறிவிடும். விட்டுவிட்டு வரும் வகைக்கு மாதம் ஒருமுறை போடும் கால்கனெசுமாப் ஊசியை அமெரிக்காவில் 2019இல் அனுமதித்தார்கள். ஓயாமல் தொடரும் வகையில் அது பலன் காட்டவில்லை.

பாலத்துக்கு இரண்டு வழிகள். தலையின் பின்புறம், வலிக்கும் பக்கத்து நரம்பருகே போடும் ஸ்டீராய்டு ஊசி ஒன்று. சில நிமிடத்தில் முடிந்துவிடும், பல வாரம் நிம்மதி தரக்கூடும். மற்றது பிரெட்னிசலோன் மாத்திரையைப் பெரிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் குறைத்து, இரண்டு மூன்று வாரத்தில் நிறுத்துவது. இது அற்புதமாக வேலை செய்யும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. பழைய சீட்டைக் காட்டி வலி வரும்போதெல்லாம் வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை எகிறும், எலும்பு தேயும், இடுப்பெலும்பின் பந்து இரத்த ஓட்டமின்றி அழுகிப்போவதும் உண்டு. இந்த ஒரு மருந்தைச் சொந்தமாகத் தொடவே தொடாதீர்கள்.

வலிக்காலத்தில் விலக்க வேண்டியவை

பட்டியல் சின்னது. மது முதலிடம், ஒரு மிடறு போனாலும் பலருக்கு ஒரு மணி நேரத்துக்குள் தாக்கு வரும், வலிக்காலம் முடிந்துவிட்டால் அதே மது ஒன்றும் செய்யாது. பகல் தூக்கம், குறிப்பாக இரவில் விழித்த மறுநாள் மதியம் சாயும் தூக்கம், பலருக்கு வலியைக் கூட்டிவரும். பெட்ரோல், பெயிண்ட், அத்தர் வாசனைகளும் அப்படியே. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் இந்த வலியைத் தூண்டக்கூடியது. இதயத்துக்காக அதை எடுப்பவர் தானாக நிறுத்தாமல் இரு மருத்துவர்களிடமும் சொல்ல வேண்டும். புகையை விடுங்கள், தாக்கு நின்றுவிடும் என்று உறுதி தர முடியாது, ஆனால் ஊசி போடும் தகுதி உங்கள் இதயத்துக்கு இருக்க வேண்டுமே. உணவுப் பத்தியம் என்று யார் நீண்ட பட்டியல் கொடுத்தாலும் பதற வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

தாக்கு நடக்கும்போது தலையைப் பிடித்துவிடாதீர்கள், காப்பி வேண்டுமா என்று கேட்காதீர்கள், பெயரைச் சொல்லி அழாதீர்கள். வால்வைத் திறந்து கொடுங்கள், மணியைக் குறித்துவையுங்கள், குழந்தைகளை வேறு அறைக்கு அழைத்துப்போங்கள். அவர் அதட்டினால் அது வலியின் குரல். முடிந்த பிறகு அரை மணி நேரம் அவரைத் தூங்க விடுங்கள். என் வீட்டில் அக்கா இதைக் கற்றுக்கொண்ட பிறகு எனக்கு இரவுகளின் பயம் பாதியாகக் குறைந்தது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்த வலியில், செத்துவிட்டால் தேவலை என்ற எண்ணம் வருவது அரிதல்ல. வலி இறங்கியதும் அந்த எண்ணமும் பெரும்பாலும் இறங்கிவிடும். இறங்காவிட்டால், அல்லது மீண்டும் மீண்டும் வந்தால், மருத்துவரிடம் அதையும் ஓர் அறிகுறியாகச் சொல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், இலங்கையில் 1926. வலிக்காலத்தில் வீட்டில் யாராவது ஒருவர் இரவில் கூட இருப்பது நல்லது.

வேலை செய்யும் இடத்தில் நல்ல நாளிலேயே சொல்லிவையுங்கள். நோயின் பெயர், எத்தனை வாரம் நீடிக்கும், எந்நேரத்தில் இருபது நிமிடம் தனியறை வேண்டும் என்று மருத்துவரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். அதன் இன்னொரு நகலில் "ஆக்சிஜன் 12 முதல் 15 லிட்டர், என்ஆர்பிஎம் மாஸ்க்" என்று எழுதி வாங்கிப் பணப்பையில் வையுங்கள். வெளியூரில் அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தால், அந்த நிலையில் உங்களால் விளக்கிப் பேச முடியாது, தாள் பேசட்டும். வண்டி ஓட்டும்போது முதல் அறிகுறி தெரிந்தால் ஓரம் கட்டிவிடுங்கள், வீடு பக்கம்தான் என்று ஓட்டாதீர்கள்.

வலி போன பிறகு

பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு இது விட்டுவிட்டு வரும் வகை. இடையில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கூட ஒன்றும் இருக்காது. மற்றவர்களுக்கு, ஓராண்டில் மூன்று மாத இடைவெளிகூடக் கிடைக்காத தொடர் வகை. ஒன்று மற்றொன்றாக மாறுவதும் உண்டு. வயது ஏற ஏற இடைவெளிகள் நீள்வதைப் பலர் காண்கிறார்கள்.

தாக்குகள் நின்ற உடனே தடுப்பு மருந்தை வெட்டிவிடாதீர்கள். சில வாரங்கள் முழுதாக வலியின்றிப் போன பிறகு, மருத்துவர் சொல்லும் வேகத்தில் குறையுங்கள். குறைக்கும்போது வலி திரும்பினால் வலிக்காலம் முடியவில்லை என்று பொருள். முந்தைய அளவுக்குத் திரும்பி மீண்டும் காத்திருக்க வேண்டும்.

அதன் பிறகு எல்லாவற்றையும் மறந்துவிடத் தோன்றும், சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிடத் தோன்றும். வாடகை கட்டுப்படியாகாவிட்டால் பெரியதைக் கொடுத்துவிடுங்கள். சிறியது ஒன்று நிரப்பியபடி வீட்டில் இருக்கட்டும். ஊசியின் காலாவதித் தேதியையும் மாஸ்க்கின் பை விரிசல் விட்டிருக்கிறதா என்பதையும் சில மாதங்களுக்கு ஒருமுறை பாருங்கள். போன முறை எந்த மாதம் தொடங்கியது என்பது குறிப்பேட்டில் இருக்கும். அதற்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் நேரம் வாங்கி, முதல் தாக்கு வந்த அன்றே எந்த மருந்தை எந்த அளவில் தொடங்குவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணோரம் லேசாக அந்தப் பழைய உறுத்தல் தெரிந்த நாளில், வாரக்கணக்கில் வரிசையில் காத்திராமல் அன்றே தொடங்கிவிடலாம்.